வண்டிக்கு அடியில்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மண்ணெண்ணெய் வாசம். போடிநாயக்கனூரில் மற்ற வீடுகளில் கறி கொதிக்கும் நேரத்தில், எங்கள் வாசலில் ஒரு நசுங்கிய அலுமினியப் பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு, அய்யா சாக்கை விரித்து ஜீப்புக்கு அடியில் படுத்திருப்பார். வெளியே தெரிவது இரண்டு கால்கள் மட்டும். நான் பக்கத்தில் குத்தவைத்திருப்பேன். உள்ளேயிருந்து ஒரு கை நீளும்.

"ஒம்பது பதினாறு எடு தாயி."

எடுத்துக் கொடுப்பேன். பழைய ஜீப்பின் நட்டுகள் எல்லாம் இஞ்ச் அளவு. அரை இஞ்ச் ஸ்பானரைவிட ஒன்பது பதினாறு கொஞ்சம் பெரியது என்பதைப் பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கு நடத்துவதற்கு முன்பே என் விரல்கள் அறிந்திருந்தன.

1977-ல் எனக்குப் பத்து வயது. அய்யா ஒரு ஏலத்தோட்ட முதலாளியிடம் டிரைவர். ஜீப் முதலாளியுடையது, ஆனால் அது நின்றது எங்கள் வாசலில், அதன் சாவி தொங்கியது எங்கள் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில். மகிந்திராவின் உயர்ந்த பானெட் வைத்த பெட்ரோல் ஜீப். 1941-லிருந்து அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸும் ஃபோர்டும் அந்த வகை வண்டியை ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. போர் முடிந்து, 1947-ல் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த வண்டிதான் எங்கள் ஊரில் ஏலக்காய் மூட்டை சுமந்தது, உர மூட்டை சுமந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்களைச் சுமந்தது. விடியுமுன் போடியிலிருந்து புறப்பட்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, பூப்பாறைப் பக்கம் இறங்கி, அங்கிருந்து தோட்டத்து மண் பாதையில் போய்ச் சேர வேண்டும். பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள், தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் முழங்கால் ஒருவர்மேல் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். சில நாள் அதற்கும் மேல் இருப்பார்கள். அது சரியில்லை என்று அய்யாவுக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும்.

காலையில் எழுந்ததும் அய்யா வண்டியைத் தொடமாட்டார். முதலில் தரையைப் பார்ப்பார். நானும் லாந்தரைப் பிடித்துக்கொண்டு கூடவே குனிவேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்கு அடியில் ஏதாவது சொட்டியிருக்கிறதா? சொட்டியிருந்தால் எந்த இடத்தில்? கறுத்து வழவழப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். தண்ணீர்போல ஓடி, விரலில் தேய்த்தால் பிசுபிசுக்காமல் வழுக்கினால், அதுவும் சக்கரத்தின் உள்பக்கம் வழிந்திருந்தால், அது பிரேக் ஆயில். மூன்றாவதைக் கண்டால் அன்றைக்கு வண்டி கிளம்பாது. பெண்கள் வந்து காத்திருந்தாலும் கிளம்பாது. முதலாளி ஆள் அனுப்பினாலும் கிளம்பாது.

பிறகு பானெட்டைத் திறப்பார். ஆயில் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும்; அப்போதுதான் அளவு பொய் சொல்லாது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை இஞ்ச் அமுங்க வேண்டும். அதிகம் அமுங்கினால் தளர்ச்சி. அமுங்கவே இல்லையென்றால் டைனமோ பேரிங் சீக்கிரம் போகும். நான்கு டயரையும் ஒரு கட்டையால் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். காற்று இறங்கிய டயர் எழுப்பும் மொத்தென்ற சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. இவ்வளவுக்கும் கால் மணி நேரம்கூட ஆகாது. ஒருநாளும் அதை அவர் விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை வேறு. அது கிரீஸ் நாள்.

சாதாரண ரோட்டில் ஓடும் ஜீப்புக்கு 1,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தால் போதும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. அய்யா மைல் மீட்டரைப் பார்த்ததில்லை. வாரம் ஒருமுறை அடிப்பார். ஏன் என்று நான் கேட்டதற்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. கிரீஸ் கன்னை என் கையில் கொடுத்தார். ஸ்பிரிங் பட்டைகளின் ஷாக்கிள், ஸ்டியரிங் ராடுகளின் முனை, புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் என்று வண்டியின் அடி முழுக்கச் சின்னச் சின்ன நிப்பிள்கள். ஒவ்வொன்றையும் வேஸ்ட் துணியால் துடைத்து, கன்னின் வாயைப் பொருத்தி, இரண்டு கையாலும் நெம்புகோலை அழுத்த வேண்டும். முதலில் மூட்டின் ஓரத்திலிருந்து சேற்று நிறத்தில் ஒன்று பிதுங்கி வரும். விரலில் எடுத்து நசுக்கினால் மணல் நெருடும். இன்னும் அழுத்தினால் பழுப்பு; இன்னும் அழுத்தினால் தேன் நிறம்.

"இப்பப் போதும். உள்ள கெடந்த மண்ணெல்லாம் வெளிய வந்துருச்சு."

கிரீஸ் அடிப்பது வழுக்குவதற்கு மட்டும் அல்ல, உள்ளே போன மண்ணையும் தண்ணீரையும் வெளியே தள்ளுவதற்கும்தான் என்று அன்றைக்கு விளங்கியது. வாரம் முழுக்க ஓடையிலும் புழுதியிலும் போய்வந்த வண்டி 1,000 மைல்வரை மண்ணை மென்றுகொண்டே ஓட வேண்டியதில்லை. நிப்பிள் அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்துவார். அப்படியும் கிரீஸ் இறங்கவில்லையென்றால் கழற்றி மண்ணெண்ணெயில் போடுவார். வெளியே வழிந்த கிரீஸைப் பார்த்து, 'அடித்தாகிவிட்டது' என்று எழுந்து போகும் ஆளில்லை அவர்.

அதன்பிறகு ஏர் ஃபில்டர். இன்றைய காகித ஃபில்டர் இல்லை. அடியில் ஒரு கிண்ணம், அதில் எஞ்சின் ஆயில். உள்ளே போகும் காற்று அந்த ஆயில்மேல் மோதித் திரும்பும்போது தூசி ஆயிலில் சிக்கிக்கொள்ளும். தை முடிந்து கோடை மழை பிடிக்கும்வரை தோட்டத்துப் பாதையில் கணுக்காலளவு புழுதி. அந்த மாதங்களில் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் உளுந்தமாவுப் பதத்தில் கறுப்புச் சேறு படிந்திருக்கும். அதைக் குச்சியால் வழித்து எறிந்து, மண்ணெண்ணெயில் கழுவி, கோட்டளவுக்குப் புது ஆயில் ஊற்றுவோம். ஒருதடவை அந்தச் சேற்றைக் கொஞ்சம் என் உள்ளங்கையில் வைத்து, "இது எஞ்சினுக்குள்ள போயிருந்தா என்ன ஆகும் சொல்லு" என்றார். தேய்த்துப் பார்த்தேன். உப்புத்தாள்போல அராவியது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் எதனால் தேய்கின்றன என்பதற்கு அதற்குமேல் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவைப்படவில்லை.

பாயிண்ட், பிளக் வேலையெல்லாம் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை. பாயிண்ட் இடைவெளி 20 தௌ, பிளக் இடைவெளி 30 தௌ. தௌ என்றால் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கென்று அவரிடம் ஒரு ஃபீலர் கேஜ் இருந்தது. அதை அம்மாகூடத் தொடக் கூடாது.

பிரேக் வேலைதான் எனக்குப் பிடித்தது, பயமும் அதில்தான். பிரேக் பைப்பில் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சுபோல அமுங்கும். அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். நான் சீட்டின் நுனியில் உட்கார்ந்து, கால் எட்டாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கியபடி பெடலை மிதிப்பேன். "மிதி... மிதி... மிதிச்சுப் பிடி." சக்கரத்துக்குப் பின்னாலிருந்து அவர் சின்ன நட்டைத் திறக்க, காற்றுக் குமிழோடு பிரேக் ஆயில் பீச்சியடிக்கும். "விடாத!" நட்டை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம், முன்பே எடுத்தால் வெளியே போன காற்று உள்ளே திரும்பிவிடும். நாலு சக்கரமும் முடிந்ததும் என் காலடியில் பெடல் கல்போல நிற்கும். மறுநாள் காலை பன்னிரண்டு பெண்கள் அந்தப் பெடலை நம்பித்தான் மலையிறங்கப் போகிறார்கள் என்று அய்யா சொன்னதில்லை. எனக்கே தெரியும். அதில் ஒருத்தி என் சித்தி.

தோட்டத்துப் பாதையின் குறுக்கே ஒரு ஓடை. ஆனி, ஆடியில் முழங்கால் உயரத்துக்கு ஓடும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் தோட்டத்துக்குப் போவேன். ஓடைக் கரைக்கு வந்ததும் அய்யா இறங்கி, பீடி பற்றவைத்துக்கொண்டு சும்மா நிற்பார். முதலாளியின் கணக்கப்பிள்ளை கூட வந்த அன்றைக்கு, "நேரத்த ஓட்டுறான்" என்று முணுமுணுத்தார். ஆனால் அது ஆக்ஸில் ஆறுவதற்காக நிற்பது. மலையேறி வந்த சூட்டில் ஆக்ஸில் ஹவுசிங்குக்குள் காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்காற்று சுருங்கி, சீல் வழியே ஓடைத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் கலந்த ஆயிலில் கிரவுன் பல்லும் பேரிங்கும் எத்தனை நாள் தாங்கும்? பீடி முடிந்ததும் டைனமோ போல்ட்டைத் தளர்த்தி ஃபேன் பெல்ட்டை இளக்குவார். ஃபேன் சுற்றினால் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர்மேல் இறைத்து, வண்டி நடு ஓடையில் அணைந்துவிடும். ஃபோர் வீல் லிவரைப் போட்டு, லோவில் தள்ளி, ஆக்ஸிலேட்டரை ஏற்றாமல் இறக்காமல் ஒரே சீராகக் கடப்பார். அந்த லோ கியர் சக்கரத்தின் வேகத்தை 2.46 மடங்கு குறைத்து, இழுவையை அதே அளவு கூட்டும். அக்கரையில் பெல்ட்டை மறுபடி இறுக்கிவிட்டு, பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டுவார். நனைந்த டிரம் பிரேக் பிடிக்காது. உரசிய சூட்டில்தான் அது காய வேண்டும்.

கோடையில் வேறு தொந்தரவு. வளைவுகளில் அடி கியரில் ஏறி ஏறி, எஞ்சின் சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். வண்டி விக்கி விக்கி நிற்கும். பின்னாலிருந்து ஒரு பெண் தலைத்துண்டை அவிழ்த்து ஊற்றில் நனைத்துக் கொடுப்பாள். அய்யா அதைப் பெட்ரோல் பம்ப்பின்மேல் சுற்றுவார். பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பும். துண்டு பெட்ரோல் வாடையோடு சொந்தக்காரியிடம் திரும்பிப் போகும். அவர்கள் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அந்த வண்டியின் பாதி அவர்களுடையது என்றே நினைத்தார்கள்.

எண்பதுகளில் அந்த ஜீப்புக்கு டீசல் எஞ்சின் மாற்றினார்கள். பாயிண்ட் போயிற்று, பிளக் போயிற்று. வேறு வேலை வந்தது: டீசலில் சேரும் தண்ணீரை வடிகட்டியின் அடியிலிருந்து இறக்குவது, டேங்க் காலியானால் பைப்பில் ஏறும் காற்றைக் கைப்பம்ப் அடித்து எடுப்பது. அய்யா அதையும் கற்றுக்கொண்டார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து உள்ளூரிலேயே வேலைக்குப் போனேன். அய்யாவுக்குக் கண் மங்கியபோது சாவியைத் திருப்பிக் கொடுத்தார். கிரீஸ் கன் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

இப்போது என் அண்ணன் மகனிடம் ஒரு புது ஃபோர் வீல் வண்டி இருக்கிறது. தம்பி என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். மேலே எங்களுக்கு இரண்டு ஏக்கர் ஏலம் உண்டு, அவன்தான் பார்த்துக்கொள்கிறான். நல்ல வண்டி. முதல் தடவை அதில் உட்கார்ந்து போடிமெட்டு இறங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. டிஸ்க் பிரேக், ஏபிஎஸ், காற்றுப்பை, இறக்கத்தில் தானே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் வசதி. இதில் பாதி அந்தக் காலத்தில் இருந்திருந்தால் எங்கள் பெண்கள் எவ்வளவு நிம்மதியாகப் போய்வந்திருப்பார்கள்! கார்பரேட்டர் இல்லை, நிப்பிள் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. மூட்டுகளை ஆலையிலேயே கிரீஸ் வைத்து மூடிவிடுகிறார்கள். அய்யாவின் ஞாயிற்றுக்கிழமை வேலையில் பெரும்பகுதி தேவையற்றுப் போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த வேலை அவர் முதுகை ஒடித்தது.

என் வருத்தம் வேறு. மிஞ்சிய கொஞ்ச வேலையையும் யாரும் செய்வதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், ஆடி மாதம். தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அதே பாதை, அதே ஓடை. தம்பி பாட்டுப் போட்டுக்கொண்டு, மலையேறி வந்த சூட்டோடு அப்படியே தண்ணீரில் இறக்கினான். "கொஞ்சம் நின்னு போலாம்யா" என்றேன். "இது புது வண்டி அத்தை, ஒண்ணும் ஆகாது" என்றான். ஓடையைத் தாண்டிய வண்டி அதற்கடுத்த செம்மண் ஏற்றத்தில் நின்றுவிட்டது. பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரியடித்தது. ஃபோர் வீல் லிவரை இழுத்தான், அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான்.

"கடைசியா எப்பய்யா இதப் போட்ட?"

யோசித்தான். வண்டி எடுத்த புதிதில், ஒருதடவை போட்டுப் பார்த்ததோடு சரி.

பின்னால் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு பழைய டீசல் ஜீப் வந்தது. டிரைவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆட்களை இறக்கிவிட்டு, கயிறு கட்டி எங்களை மேட்டுக்கு இழுத்து விட்டார். அப்புறம் யாரும் கேட்காமலேயே ஒரு சாக்கை விரித்து எங்கள் வண்டிக்கு அடியில் நுழைந்தார். எனக்கு நெஞ்சு அடைத்தது. முன் ஆக்ஸிலின் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்து, வெளியே வந்து காட்டினார். விரலில் ஆயில் இல்லை. பால் ஊற்றிய காப்பி நிறத்தில் ஒரு குழம்பு.

"தண்ணி பூந்துருக்குண்ணே. மேல ஒரு சின்னக் குழாய் இருக்கும், மூச்சுவிடுறதுக்கு. அது சேறடைச்சுக் கெடக்கு."

அந்தக் குழாய்தான் புது வண்டியில் அய்யாவின் பீடிக்குப் பதிலாக வைத்திருப்பது. சூடேறிய ஆக்ஸில் அதன் வழியே மூச்சுவிடும். அதன் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும். அது அடைத்துக்கொண்டால், எழுபதுகளின் ஜீப்பும் இன்றைய வண்டியும் ஒன்றுதான். இரண்டும் ஓடையைக் குடிக்கும்.

தம்பிக்குக் கோபம் வந்தது. நகரத்துச் சர்வீஸ் சென்டரில் ஒரு தவணை விடாமல் சர்வீஸ் செய்திருக்கிறான், பில்லெல்லாம் வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து பில்லை வாங்கிப் பார்த்தேன். எஞ்சின் ஆயில், ஃபில்டர், கழுவிய கூலி. ஆக்ஸில் ஆயிலுக்கு இன்னும் கிலோமீட்டர் கணக்கு வரவில்லை. அவர்கள்மேல் நான் குற்றம் சொல்லமாட்டேன். இந்த வண்டி வாரம் இரண்டு தடவை ஓடையில் இறங்குகிறது என்று அவர்களிடம் யார் சொன்னது? வண்டியோடு வந்த தடித்த புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று எல்லாரும் சொல்லும் கணக்கு அதில் ஒரு பக்கத்தில் இருந்தது. அதையடுத்து இன்னொரு பக்கம்: புழுதி, சேறு, தண்ணீர், மலைப்பாதை, அதிக பாரம் என்று கடினமான ஓட்டத்தில் இருக்கும் வண்டிக்கு ஆயிலையும் ஃபில்டரையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும், மாற்ற வேண்டும் என்று. பெரும்பாலான வண்டிப் புத்தகங்களில் இப்படி ஒரு பகுதி இருக்கும். எங்கள் வண்டிக்கு உரிய பக்கம் அதுதான். நாங்கள் இரண்டு வருஷமாக ரோட்டு வண்டியின் பக்கத்தைப் பின்பற்றிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு ஆயிலை இறக்கினோம். புது ஆயில் ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, அதையும் இறக்கி, மறுபடி ஊற்றினோம். ஒரே தடவையில் தண்ணீர் முழுக்கப் போகாது. மூச்சுக் குழாயைச் சுத்தம் செய்தோம். காகித ஏர் ஃபில்டரைத் தட்டியபோது திண்ணையில் ஒரு பிடி செம்மண் கொட்டியது. பிரேக் ஆயில் காலப்போக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் நீண்ட இறக்கத்துச் சூட்டில் கொதித்து ஆவியாகி, பெடல் தரைவரை போய்விடும். எந்த ஏபிஎஸ்ஸும் அதைத் தடுக்காது. அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும் என்று தேதி எழுதி ஒட்டினோம். ஃபோர் வீல் லிவரை மாதம் ஒருமுறையாவது போட்டு, மண் தரையில் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் போடக் கூடாது. முன்சக்கரமும் பின்சக்கரமும் வளைவில் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும். தாரில் சறுக்கி ஈடுகட்ட முடியாமல் உள்ளே எல்லாம் முறுக்கிக்கொள்ளும். இதை அய்யா சொன்னபோது எனக்கு வயது பன்னிரண்டு.

புது வண்டிக்கென்று புது நோயும் உண்டு. டீசல் வண்டிகளின் புகைப்பாதையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் அது வழக்கமாகிவிட்டது. சேர்ந்த கரி எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அடி கியரில் ஊர்ந்துகொண்டே இருந்தால் அந்தச் சூடு சரியாக ஏறாது. டாஷ்போர்டில் விளக்கு எரியும். எங்கள் தம்பி அந்த விளக்கை மூன்று வாரம் பார்த்துக்கொண்டே ஓட்டினான். ஒருநாள் வண்டி இழுவையைக் குறைத்துக்கொண்டு நொண்டியது. விளக்கு எரிந்ததும் தேனி சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டியிருந்தால் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அய்யா தரையில் சொட்டைத் தேடினார். இவர்களுக்கு வண்டியே எழுதிக் காட்டுகிறது.

அந்த இளம் டிரைவரைப் பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டேன். தாய்மாமன் சூரியநெல்லியில் கொழுக்குமலை ஜீப் ஓட்டியவராம். கொழுக்குமலை நம் தேனி மாவட்டம்தான். ஆனால் வண்டியில் போக கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் வழி, அதுவும் ஜீப்புக்கு மட்டுமே ஆன பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கல் பாதை. "அந்த ரோட்டுல தெனமும் பாக்காத வண்டி ஒரு மாசம் ஓடாதும்மா" என்றார். சூரிய உதயம் பார்க்கச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் அந்த ஜீப்புகளில் பட்டையின் யூ-போல்ட்டைத் தினமும் இறுக்கிப் பார்க்கிற ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எல்லாரும் அப்படி இல்லை. விடிகாலையில் எங்கள் தெரு முனையில் நின்று, ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்க்கிறேன். வழுக்கையான டயர், கட்டைவைத்து நிறுத்தும் ஹேண்ட் பிரேக், ஒரு பக்கம் சாய்ந்த பட்டை. ஏலத்தோட்ட ஜீப் கவிழ்ந்தது என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் முதலில் என் மனதில் வருவது, அந்த வண்டியின் பிரேக் பெடலை அதற்கு முந்தின ஞாயிறு யாராவது மிதித்துப் பார்த்தார்களா என்பதுதான். வண்டிக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று இருக்கலாம். அது சோதித்த நாளின் நிலைக்கான சான்று. அதன்பிறகு வரும் ஒவ்வொரு நாளுக்கும் டிரைவரும் முதலாளியும்தான் பொறுப்பு. ஆட்களை ஏற்றும் வண்டியின் உரிமையாளர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வாரத்தில் ஒரு பொழுது வண்டியைச் சும்மா நிறுத்துங்கள்; அன்றைய வாடகை போனால் போகட்டும்; டிரைவருக்கு அன்றைக்கும் கூலி கொடுத்து, அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அய்யாவுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூலி யாரும் கொடுத்ததில்லை. கொடுத்திருக்க வேண்டும்.

போன ஞாயிறு மேலே நல்ல மழை. தம்பி தோட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தவன், வண்டியை வாசலில் சமமாக நிறுத்திவிட்டு, எஞ்சின் ஆறும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தான். பிறகு சாக்கை விரித்தான். நான் டார்ச்சைப் பிடித்தேன். முன் ஆக்ஸில் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். ஆயில் தெளிவாக இருந்தது.